பழைய ஆலைக்குப் புது மெம்பரேன் வாங்கும் முன்

கேள்வி, சுருக்கமாக: "எங்கள் ஆலை ஏரித் தண்ணீரை எடுத்து ஒரு நாளைக்கு 40 எம்.எல்.டி., அதாவது 4 கோடி லிட்டர் குடிநீர் தருகிறது. யூ.எஃப். (அல்ட்ராஃபில்ட்ரேஷன்) மெம்பரேன், அதாவது நுண்துளை இழைகளால் வடிகட்டும் முறை; இழைக் கட்டுகளான மாட்யூல்களை அடுக்கிய ரேக் மொத்தம் 8. ஆலைக்கு வயது 14. முதல் செட் 9 வருடம் ஓடியது. அதே கம்பெனி, அதே மாடலில் இரண்டாவது செட் போட்டு 5 வருடம்தான் ஆகிறது, அதற்குள் அழுத்தம் ஏறுகிறது, இழைகள் அறுகின்றன. மாதம் ஒரு முறை செய்த சி.ஐ.பி. கழுவல் (மெம்பரேனைக் கழற்றாமலே மருந்து விட்டுக் கழுவுவது), புது செட் வந்த முதல் வருடத்திலேயே 10 நாளுக்கு ஒரு முறை ஆகிவிட்டது. மேலிடம் 'மாட்யூலை மாற்றிவிடலாம், டெண்டர் எழுது' என்கிறது. செராமிக் (பீங்கான்) மெம்பரேன் போடலாம் என்றும் ஒரு பேச்சு இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது, அண்ணா?"

தம்பி, டெண்டரை ஒரு மூன்று மாதம் தள்ளிப் போடுங்கள். உங்கள் கேள்விக்குள்ளேயே பாதிப் பதில் இருக்கிறது. முதல் செட் 9 வருடம் தாங்கியது. அதே பொருள், அதே ஏரியில், முதல் வருடத்திலேயே திணற ஆரம்பித்திருக்கிறது. வயதானதால் வந்த திணறல் என்றால் புது மெம்பரேனுக்கு முதல் வருடத்தில் வந்திருக்காது. மெம்பரேனுக்கு முன்னால் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது. அது என்ன என்று தெரியாமல் மூன்றாவது செட் வாங்கினால் அதுவும் ஐந்து வருடத்தில் போகும். கோடிக்கணக்கான பணம், அதுவும் மக்கள் பணம்.

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மெம்பரேன் எத்தனை வருடம் ஓடியது என்பதைவிட எவ்வளவு குளோரினைத் தாங்கியது என்பதுதான் அதன் உண்மையான வயது. தயாரிப்பாளர்கள் இதை பிபிஎம்-மணி என்று சொல்வார்கள், அதாவது குளோரினின் அளவை (பிபிஎம், பத்து லட்சத்தில் ஒரு பங்கு) ஊறிய மணி நேரத்தால் பெருக்கியது. பி.இ.எஸ். என்ற பிளாஸ்டிக்கில் செய்த பல மெம்பரேன்களுக்கு வாழ்நாள் வரம்பு 2 லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் பிபிஎம்-மணி என்று கையேட்டில் போட்டிருக்கும். பி.வி.டி.எஃப். என்ற இன்னொரு பிளாஸ்டிக் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும், ஆனால் அதற்குக் காஸ்டிக் (காரக் கரைசல்) ஆகாது; அதிக பி.எச்.சில் அடிக்கடி ஊற வைத்தால் இழை பழுப்பேறி நொறுங்கும். சரி, கணக்குக்கு வருவோம். தினமும் 200 பிபிஎம் ஹைப்போவில் (குளோரின் கரைசல்) 15 நிமிடம் ஊறும் பேக்வாஷ் (தண்ணீரை எதிர்த்திசையில் விட்டு அலசுவது) என்று வைத்துக்கொள்ளுங்கள். அது நாளுக்கு 50 பிபிஎம்-மணி, வருடத்துக்கு 18,250. சி.ஐ.பி.யில் 500 பிபிஎம், 2 மணி நேரம் என்றால் ஒரு கழுவலுக்கு 1,000. மாதம் ஒன்று செய்தால் வருடத்துக்கு 12,000. இரண்டும் சேர்த்து 30,250. ஒன்பது வருடத்துக்கு 2 லட்சத்து 72 ஆயிரம் வருகிறதா? இப்போது சி.ஐ.பி.யை 10 நாளுக்கு ஒன்று ஆக்குங்கள். வருடத்துக்கு 36,500 ஆகிறது, தினசரி ஊறலோடு சேர்த்து 54,750. ஐந்து வருடத்தில் 2 லட்சத்து 73 ஆயிரம்!

நான் போட்ட எண்கள் வழக்கமான அளவுகள்தான், உங்கள் ஆலையின் எண்கள் கொஞ்சம் வேறாக இருக்கலாம். ஆனால் விஷயம் புரிகிறது அல்லவா? உங்கள் இரண்டு செட்டும் ஏறக்குறைய ஒரே வயதில்தான் போயிருக்கின்றன. இரண்டாவது செட்டை அதிகக் கழுவல் சீக்கிரம் கிழவனாக்கிவிட்டது. இழை அறுவதற்கு இது பெரிய காரணம். அப்படியானால் கேட்க வேண்டிய கேள்வி, ஏன் அவ்வளவு கழுவ வேண்டி வந்தது என்பதுதான்.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் இதே கதை நடந்தது. நீர்த்தேக்கத்துத் தண்ணீர்தான் அங்கேயும். அழுத்தம் ஏறியது, கழுவினோம், மறுபடி ஏறியது. மெம்பரேன் சரியில்லை என்று முடிவு செய்து முழு செட்டையும் மாற்றினோம். அந்த முடிவில் என் கையெழுத்தும் இருந்தது. பதினான்கு மாதத்தில் பழைய இடத்துக்கே வந்து நின்றோம். அதற்கப்புறம்தான் ஒரு மாட்யூலை வெட்டிப் பார்த்தோம். இழையின் மேல் மெல்லிய கறுப்புப் பூச்சு, விரலில் தேய்த்தால் மை மாதிரி ஒட்டியது. மாங்கனீஸ்.

மாங்கனீஸ் எப்படி வந்தது என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏரித் தண்ணீர் எடுக்கும் எந்த ஆலையிலும் இது நடக்கலாம். கோடையில் ஆழமான ஏரியின் மேல் தண்ணீர் சூடாகி லேசாக மேலேயே நிற்கும், அடியில் இருப்பது குளிர்ந்து கனமாகத் தங்கிவிடும். இரண்டும் கலக்காது. அடித் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனை அங்கே மக்கும் சேறு தின்றுவிடும். ஆக்சிஜன் தீர்ந்ததும் சேற்றில் திடமாகக் கிடந்த மாங்கனீஸ் கரைந்து தண்ணீரோடு சேரும். கரைந்த மாங்கனீஸுக்கு நிறமும் இல்லை, கலங்கலும் இல்லை. கலங்கல் மானி அதைக் காட்டாது. படிகாரம் போட்டாலும் அது போகாது, யூ.எஃப். துளையிலும் நிற்காது. நேராக உள்ளே போய்விடும்.

அப்படிப் போனால்கூட மெம்பரேனுக்கு ஆபத்தில்லை. ஆனால் நாங்கள் பாசி பிடிக்காமல் இருக்க மெம்பரேனுக்குச் சற்று முன்னால் ஹைப்போ விட்டுக்கொண்டிருந்தோம். குளோரின் மாங்கனீஸை மெதுவாகத்தான் திடமாக்கும், தொட்டியில் நடந்து முடியாது. ஆனால் மாங்கனீஸ் டை ஆக்ஸைடு ஏற்கெனவே படிந்த இடத்தில் அந்த வினை வேகமாக நடக்கும். ஒரு முறை லேசாகப் படிந்துவிட்டால் அந்தப் படிவே மேலும் படிவை இழுக்கும். அந்த இடம் எங்கள் மெம்பரேனின் துளைதான். இதைவிடக் கொடுமை, அழுத்தம் ஏறிய ஒவ்வொரு முறையும் நாங்கள் காஸ்டிக்கும் ஹைப்போவும் விட்டுக் கழுவினோம். மாங்கனீஸ் படிவுக்கு அது மருந்தே இல்லை; இன்னும் கெட்டியாக்கும். அந்தப் படிவைக் கரைக்க அமிலமும், ஆக்சிஜனைப் பறிக்கும் ஒரு பொருளும் வேண்டும்: சிட்ரிக் அமிலத்தோடு பைசல்பைட், அல்லது ஆக்ஸாலிக் அமிலம், அல்லது அஸ்கார்பிக் அமிலம். வரிசையை மாற்றி அமிலத்தை முதலில் வைத்தோம். முதல் கழுவலில் வெளியே வந்த தண்ணீரின் நிறத்தை நான் இன்னும் மறக்கவில்லை. (வரிசை மாற்றும்போது நடுவில் நன்றாக அலசுங்கள், குழாயில் ஒரு சொட்டு ஹைப்போகூட நிற்கக் கூடாது. ஹைப்போவும் அமிலமும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஆள் உயிர் போகும் விஷயம்.)

ஆனால் கழுவும் வரிசையை மாற்றியது தற்காலிக நிவாரணம்தான். உண்மையான தீர்வு ஏரியில் இருந்தது. ஏரியிலிருந்து தண்ணீர் எடுக்கும் இன்டேக் கோபுரத்தில் மூன்று மட்டத்தில் கதவுகள் இருந்தன. மேல் கதவு துருப்பிடித்து இறுகிவிட்டதால் பல வருடமாகக் கீழ்க் கதவை மட்டும் திறந்து வைத்திருந்தார்கள். அதைப் பழுது பார்த்து, மேல் மட்டத்திலிருந்து எடுக்க ஆரம்பித்தோம். ஹைப்போ விடும் இடத்தை மெம்பரேனுக்கு முன்னிருந்து பின்னுக்கு நகர்த்தினோம். முழு மெம்பரேன் செட்டின் விலையில் அந்தக் கதவு வேலை ஒரு சிறு துண்டு. அதை முதலில் செய்திருந்தால் பழைய செட்டே இன்னும் சில வருடம் ஓடியிருக்கும். இன்று நினைத்தாலும் மனசு வலிக்கிறது.

உங்கள் ஏரியிலும் மாங்கனீஸ்தான் என்று நான் அடித்துச் சொல்லவில்லை. வேறு காரணமும் இருக்கலாம். பாசி பெருகி அதன் கொழகொழப்பான கசிவு துளையை அடைக்கலாம். படிகாரத்தின் அளவோ பி.எச்.சோ தப்பி, அலுமினியம் கரைந்து வந்து மெம்பரேனில் படியலாம். நிறையப் பேர் கவனிக்காத ஒன்று: பேக்வாஷ் தண்ணீரையும் சேற்றுத் தொட்டியின் தெளிவையும் வீணாக்காமல் ஆலையின் தலைக்கே திருப்பி விடுவோமே, அதில் சேற்றைக் கெட்டியாக்கப் போட்ட பாலிமர் ஒட்டிக்கொண்டு வரும். அது மெம்பரேனில் பசை மாதிரி பிடிக்கும், எளிதில் போகாது. ஐந்து ஆறு வருடம் முன்பு உங்கள் ஆலையில் அப்படித் திருப்பி விடும் குழாய் புதிதாகப் போட்டார்களா என்று பழைய ஆபரேட்டர்களைக் கேளுங்கள். ஏரி தூர்வாரினார்களா, இன்டேக் மாறியதா, படிகாரம் தரும் ஆள் மாறினாரா என்று எல்லாவற்றையும் கேளுங்கள். ஷிஃப்ட் பதிவேட்டில் இல்லாதது அவர்கள் ஞாபகத்தில் இருக்கும்.

பதிவேட்டில் இருப்பதையும் சரியாகப் படிக்க வேண்டும். டி.எம்.பி., அதாவது மெம்பரேனின் இரு பக்கத்துக்கும் இடையே உள்ள அழுத்த வித்தியாசம், அதை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். ஃப்ளக்ஸை (மெம்பரேனின் ஒரு சதுர மீட்டர் வழியே மணிக்குப் போகும் தண்ணீர்) அழுத்தத்தால் வகுத்து, 20 டிகிரி வெப்பத்துக்கு மாற்றி எழுதுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு மணிக்கு 60 லிட்டர், 0.3 பார் என்றால் 200. அதே 60 லிட்டருக்கு 0.9 பார் வேண்டியிருந்தால் 67. இது 30 டிகிரித் தண்ணீரில் எடுத்த அளவு என்றால், தண்ணீரின் பிசுபிசுப்பு அங்கே 20 டிகிரியில் இருப்பதில் 80 சதவீதம்தான், ஆகவே உண்மை எண் 53. நம் பக்கத்து வெயில் மெம்பரேனின் முதுமையை மறைத்துக் காட்டும். ஒவ்வொரு ரேக்குக்கும், ஒவ்வொரு சி.ஐ.பி.க்கு முன்னும் பின்னும் இந்த எண்ணைக் கிடைத்தவரை பின்னோக்கி வரைந்து பாருங்கள். கழுவிய பிறகு எண் பழைய உயரத்துக்குத் திரும்பினால் அடைப்புதான் பிரச்சினை, மெம்பரேனில் இன்னும் உயிர் இருக்கிறது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்த உயரத்துக்கே திரும்பினால், கரையாத ஏதோ ஒன்று சேர்ந்துகொண்டு வருகிறது.

இனி இழை அறுவதைப் பற்றி. இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1993-இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குடிநீரில் கலந்து சுமார் 4 லட்சம் பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். அங்கே இருந்தது மணல் வடிகட்டிதான், மெம்பரேன் இல்லை. ஆனால் அந்த உயிர் குளோரினுக்குச் சாகாது என்ற உண்மை உலகத்துக்கே உறைத்தது அப்போதுதான், மெம்பரேன் ஆலைகள் பரவியதற்கு அது பெரிய காரணம். அதன் முட்டை 4 முதல் 6 மைக்ரான் அளவு. யூ.எஃப். துளை சுமார் 0.02 மைக்ரான்தான். முழு இழையில் அது நுழைய வழியே இல்லை, அறுந்த இழையில் நேராகப் போய்விடும். அறுந்தது ஒன்றிரண்டு என்றால் ஆயிரக்கணக்கான நல்ல இழைகளின் தண்ணீரோடு அது கலந்துவிடுவதால் கலங்கல் மானியில் அசைவே இருக்காது. நம் ஐ.எஸ். 10500 குடிநீர்த் தரத்தில் கலங்கலுக்கு ஏற்கத்தக்க அளவு 1 என்.டி.யூ. (கலங்கலை அளக்கும் அலகு). நல்ல யூ.எஃப். தண்ணீர் 0.1-க்குக் கீழே இருக்கும். அந்த 0.1-ஐ நம்பி நிம்மதியாக இருக்கக் கூடாது என்பதுதான் நான் சொல்ல வருவது.

அதற்குத்தான் காற்று அழுத்தச் சோதனை. சின்ன வயதில் ஆற்றில் நனைந்த வேட்டிக்குள் காற்றைப் பிடித்து மூட்டை கட்டி மிதந்திருப்பீர்கள். காய்ந்த துணியில் காற்று நிற்காது, நனைந்த துணியில் நிற்கும், ஏனென்றால் நூலிடுக்கில் இருக்கும் தண்ணீர் காற்றை விடாது. துணியில் கிழிசல் இருந்தால் அங்கே மட்டும் புஸ்ஸென்று போகும். மெம்பரேனிலும் அதே தத்துவம். இழை நனைந்திருக்கும்போது ஒரு பக்கம் சுமார் 1 பார் காற்றைக் கொடுத்து மூடிவிட்டு, ஐந்து பத்து நிமிடம் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது. அந்த அழுத்தத்தில் 3 மைக்ரானைவிடப் பெரிய ஓட்டை இருந்தால் காற்று கசியும். அமெரிக்காவில் 2006-இல் வந்த விதி, ஒட்டுண்ணியைத் தடுப்பதற்கு மெம்பரேனைக் கணக்கில் காட்டும் ஆலைகள் இந்த மாதிரி நேரடிச் சோதனையைப் பொதுவாகத் தினமும் செய்ய வேண்டும் என்கிறது. நம் ஊரில் கட்டாயம் இல்லாவிட்டாலும் நீங்கள் தினமும் செய்யுங்கள், ரேக் வாரியாக எழுதி வையுங்கள். எந்த ரேக்கில் எந்த மூலையில் இழை அதிகம் அறுகிறது என்று வரைபடம் போட்டால் காரணம் தானாகத் தெரியும். எல்லா ரேக்கிலும் பரவலாக அறுந்தால் மேலே சொன்ன குளோரின் முதுமை. ஒரு ரேக்கில் மட்டும் என்றால் அந்த ரேக்கின் வால்வு பட்டென்று மூடுகிறதா, தண்ணீர் மோதுகிறதா என்று பாருங்கள். நுழைவாயில் பக்கமே அறுந்தால் முன்னால் இருக்கும் ஸ்டிரெய்னரைக் கழற்றிப் பாருங்கள். வலை கிழிந்து, நத்தை ஓட்டுத் துண்டுகள் உள்ளே போய் இழையைக் கீறியிருக்கும்.

சோதனையில் தோற்ற ரேக் எல்லாம் இழை அறுந்த ரேக் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அரை மணிக்கு ஒரு பேக்வாஷ் என்றால் ஒரு வால்வு நாளுக்கு 48 முறை, வருடத்துக்கு 17,520 முறை திறந்து மூடுகிறது. பதினான்கு வருடத்தில் இரண்டு லட்சத்து 45 ஆயிரம் முறை. இருக்கை ரப்பர் தேய்ந்து காற்று அங்கேயும் கசியும். அந்த வால்வு சி.ஐ.பி. மருந்துக்கும் குடிநீர்க் குழாய்க்கும் நடுவில் இருப்பது என்றால் இது சோதனைத் தொல்லையோடு நிற்காது, மருந்து குடிநீரில் கலக்கும் அபாயம். அந்த இடத்தில் இரண்டு வால்வும், நடுவில் வெளியே திறந்த ஒரு வடிகாலும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மெம்பரேனை மாற்றும் முன்பே அந்த வேலையை முடியுங்கள். டெண்டர் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

இப்போது செராமிக்.

உலகத்தில் பெரிய குடிநீர் ஆலைகள் செராமிக்குக்குப் போனது உண்மை. ஜப்பானில் யோகோஹாமாவின் கவாய் ஆலை 1901-இல் தொடங்கியது. அதை இடித்துக் கட்டி 2014-இல் செராமிக் மெம்பரேன் ஆலையாகத் திறந்தார்கள். ஒரு நாளைக்கு 172 எம்.எல்.டி.க்குச் சற்று மேல். அங்கே எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், மலைப் பக்கத்திலிருந்து வரும் தண்ணீரின் உயர வித்தியாசத்தையே மெம்பரேனைத் தள்ளும் அழுத்தமாகப் பயன்படுத்துகிறார்கள் என்பது. அதே 2014-இல் நெதர்லாந்தின் ஆண்டைக் ஆலையும் மாறியது. 1968-இலிருந்து ஐஸல் ஏரித் தண்ணீரை எடுக்கும் ஆலை. ஒரே பெரிய உருளைக்குள் 192 செராமிக் உருப்படிகளை அடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூடு செய்யும் செலவு மிச்சமானதால்தான் செராமிக் கட்டுப்படியாகும் விலைக்கு வந்தது. அப்புறம் சிங்கப்பூரில் சுவா சூ காங் நீர்நிலையம். 1970-களில் கட்டியது, கிராஞ்சி, பாண்டான் போன்ற நீர்த்தேக்கங்களின் தண்ணீர். அங்கே ஏற்கெனவே பாலிமர் மெம்பரேன் (உங்களுடையது போலப் பிளாஸ்டிக்கில் செய்தது) இருந்தது. பொதுப் பயனீட்டுக் கழகம் அதை எடுத்துவிட்டு செராமிக் போட்டது, கூடவே ஓசோனும் உயிர்க் கரி வடிகட்டியும் சேர்த்தது. பாலிமர் சில வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டியது, செராமிக் 20 வருடம் வரும் என்பதும், சுத்திகரிப்பில் வீணாகும் தண்ணீர் 5 சதவீதத்திலிருந்து 1 சதவீதமாகக் குறையும் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்கள். ஒவ்வொரு சொட்டுக்கும் கணக்குப் பார்க்கும் நாட்டுக்கு அந்த 4 சதவீதம் பெரிது.

இந்த மூன்று கதையிலும் நீங்கள் கவனிக்க வேண்டியது, யாரும் மாட்யூலைக் கழற்றி மாட்யூலைப் போடவில்லை. ஆண்டைக்கில் மெம்பரேனுக்கு முன்னால் அயனி மாற்றுப் பிசின் வைத்துத் தண்ணீரில் கரைந்த கரிமப் பொருளை முதலில் எடுத்துவிடுகிறார்கள். செராமிக் அடைபடாமல் ஓடுவதற்கு அதுவும் முக்கியக் காரணம். கவாயில் ஆலையையே புதிதாகக் கட்டினார்கள். சிங்கப்பூரில் சிறிய சோதனை ஆலை வைத்து, அவர்களின் தண்ணீரில் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார்கள்.

செராமிக்கின் நல்ல குணங்கள் எனக்குத் தெரியும். இழை அறுகிற பேச்சே இல்லை. ஹைப்போ, அமிலம், ஓசோன் எதற்கும் அசையாது. பேக்வாஷை முரட்டுத்தனமாகக் கொடுக்கலாம். ஆனால் அதே முரட்டு பேக்வாஷுக்கு வேறு வகை அழுத்தத் தொட்டி வேண்டும், தடித்த குழாய் வேண்டும், உருப்படி கனம் என்பதால் அடித்தளம் வேண்டும். உங்கள் 8 ரேக்கின் இடத்தில் அதை நுழைக்கப் போனால் ஆலையில் பாதியை மாற்ற வேண்டியிருக்கும். மாங்கனீஸ் செராமிக்கிலும் படியும், பாலிமர் பசை செராமிக்கிலும் பிடிக்கும். ஆகவே உங்கள் ஆலைக்கு இந்தச் சுற்றில் செராமிக் வேண்டாம் என்பது என் எண்ணம். பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்துக் கட்டடமே மாறும்போது அது சரியான கேள்வி. அதற்கான சோதனை ஆலையை இப்போதே சிறியதாக வைத்து ஓட்ட முடிந்தால் நல்லது.

சரி, பாலிமர் மெம்பரேனையே மாற்றுவது என்று முடிவானால், ஒரே கம்பெனியிடம் மாட்டிக்கொள்ளாதீர்கள். இந்தத் தொழிலில் கம்பெனிகள் கை மாறிக்கொண்டே இருக்கும். ஜெனான் 2006-இல் ஜி.இ. கைக்குப் போனது, பிறகு சூயஸ், இப்போது வியோலியா. மெம்கார் சீமென்ஸிடம் இருந்தது, எவோக்வாவிடம் போனது, இப்போது டூபாண்ட். இங்கே (inge) என்ற ஜெர்மன் கம்பெனி பி.ஏ.எஸ்.எஃப். வழியாக அதே டூபாண்டுக்கு வந்தது. ஒவ்வொரு கை மாறும்போதும் சில மாடல்கள் நின்றுபோகும் அபாயம் உண்டு, பத்து வருடம் கழித்து உங்கள் ரேக்குக்குப் பொருந்தும் மாட்யூல் கிடைக்குமா என்று யாரும் உறுதி தர முடியாது. ஆகவே மூன்று நான்கு தயாரிப்பாளர்களின் மாட்யூல் உட்காரும்படி பொது ரேக் அமைப்புக்கு மாறுங்கள். குழாயும் கிளாம்பும் கொஞ்சம் கூடுதல் செலவு. அடுத்த முறை வாங்கும்போது அந்தப் பணம் திரும்பி வரும். டெண்டரில் மாட்யூல் விலையை மட்டும் ஒப்பிடாதீர்கள். 15 வருடத்துக்கு மின்சாரம், மருந்து, பேக்வாஷில் போகும் தண்ணீர், இடையில் வரும் ஒரு மாற்று எல்லாம் சேர்த்துக் கேளுங்கள். குடிநீருக்கான என்.எஸ்.எஃப். 61 சான்றும் கேளுங்கள். போட்டியில் வரும் ஒவ்வொரு மெம்பரேனையும் உங்கள் தண்ணீரிலேயே ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் சேர்த்து ஓட்டிப் பார்க்க முடிந்தால் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

மாற்றும் வேலையைப் பற்றி இரண்டு எச்சரிக்கை. ஆலையை நிறுத்த முடியாது, ரேக் ரேக்காகத்தான் மாற்ற வேண்டும். எட்டில் ஒன்றை நிறுத்தினால் மற்ற ஏழும் 14 சதவீதம் கூடுதலாகச் சுமக்கும். அதே நேரத்தில் இன்னொன்று கழுவலில் இருந்தால் ஆறு ரேக்கின் மேல் 33 சதவீதம் ஏறும். தளர்ந்த மெம்பரேனால் அதைத் தாங்க முடியாது, சுமை ஏறிய அளவைவிட வேகமாக அடைப்பு ஏறும். தண்ணீர்த் தேவை குறைந்த மாதத்தைப் பார்த்து ஆரம்பியுங்கள், முதலில் ஆகக் கெட்ட ரேக்கை எடுங்கள். ஒரே ரேக்கில் பழையதையும் புதியதையும் கலக்கவே கலக்காதீர்கள். தண்ணீர் எளிதான வழியைத் தேடும். புது மாட்யூல்கள் பழையவற்றின் பங்கையும் சேர்த்து இழுத்துச் சீக்கிரம் அடைபடும். கழற்றிய பழைய மாட்யூல்களில் நல்லவற்றைப் பொறுக்கி, பேக்வாஷ் தண்ணீரை மறுபடி வடிகட்டும் தனி ரேக்குக்குப் பயன்படுத்தலாம். அதிலிருந்து வருவதைக் குடிநீரில் நேராகச் சேர்க்காமல் ஆலையின் தலைக்குத் திருப்ப வேண்டும். புது மாட்யூல் கிளிசரினிலோ பைசல்பைட்டிலோ ஊறி வரும். அதை நன்றாக அலசிவிட்டு, கிருமி நீக்கம் செய்து, காற்று அழுத்தச் சோதனையும் கிருமிப் பரிசோதனையும் தேறிய பிறகுதான் குடிநீர்க் குழாயில் இணைக்க வேண்டும். அந்த முதல் நாள் காற்று அழுத்த எண்ணை ரேக்கின் மேலேயே எழுதி ஒட்டி வையுங்கள். பத்து வருடத்துக்கு அதுதான் உங்கள் அளவுகோல்.

உடனே செய்ய வேண்டியது இதுதான். ஆகக் கெட்ட ரேக்கிலிருந்து ஒரு மாட்யூல், ஓரளவு நன்றாக ஓடும் ரேக்கிலிருந்து ஒன்று, இரண்டையும் கழுவாமல் கழற்றுங்கள். காயவிடக் கூடாது, ஈரத்தோடு மூடி, குளிரவைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் வெட்டிப் பார்க்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். இழையின் இழுவலிமை எவ்வளவு மிச்சம், படிவில் உலோகம் எவ்வளவு, கரிமம் எவ்வளவு, எந்த மருந்துக்கு எது கரைகிறது என்ற நான்கையும் கேளுங்கள். அதே வாரத்தில் ஏரியில் மேல், நடு, அடி என மூன்று மட்டத்தில் தண்ணீர் எடுத்து ஆக்சிஜனும் கரைந்த மாங்கனீஸும் பாருங்கள். மாங்கனீஸுக்கான மாதிரியை எடுத்த இடத்திலேயே வடிகட்டி அமிலம் விட வேண்டும், இல்லாவிட்டால் வழியிலேயே படிந்துபோய் எண் குறைவாக வரும். ஆய்வக அறிக்கை வந்ததும் எனக்கு அனுப்புங்கள். இன்டேக் கதவு எந்த மட்டத்தில் திறந்திருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.